இடம் மாறிய பூஜ்யம்

சிட்னியில் இருந்து மெட்ராஸுக்கோ திருச்சிக்கோ போகிற நம்ம ஸ்டூடண்ட் கூட்டத்துக்கு கோலாலம்பூர் வழி அத்துப்படி. நாலு வெப்சைட்டில் டிக்கெட் விலையைத் தட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் பாதிப் பேர் அந்த வழியாகத்தான் போவோம். அதே தடத்தில் 2015 மார்ச் 10-ம் தேதி நண்பகல் வாக்கில் ஒரு ஏர் ஏசியா எக்ஸ் விமானம், ஏர்பஸ் ஏ330, சிட்னியில் இருந்து கோலாலம்பூருக்குக் கிளம்பியது. சில மணி நேரம் கழித்து அது இறங்கிய இடம் மெல்பர்ன். என்ஜின் நல்லா இருந்தது, எரிபொருள் இருந்தது, யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் விமானத்தின் கம்ப்யூட்டர், தான் ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் கடலில் நிற்பதாக நினைத்துக்கொண்டே சிட்னி ரன்வேயில் ஓடி மேலே ஏறியிருக்கிறது.

முதலில் கேட்டபோது யாரோ விடுகிற ரீல் என்றுதான் நினைத்தேன். ஆஸ்திரேலிய போக்குவரத்துப் பாதுகாப்பு ஆணையம் 2016-ல் வெளியிட்ட விசாரணை அறிக்கையைப் படித்தபிறகு சிரிப்பு போய்விட்டது.

கதைக்குள்ளே போறதுக்கு முன்னாடி கொஞ்சம் பாடம். (ரெண்டே பாரா, ஓடிடாதீங்க!)

பெரிய ஏர்போர்ட்டில் இருந்து கிளம்பும் விமானம், ஏறினோமா திரும்பினோமா என்று தன் இஷ்டத்துக்குப் போக முடியாது. ஒவ்வொரு ரன்வேக்கும் ஏற்கெனவே வரைந்து வைத்த கிளம்பும் தடங்கள் உண்டு. இந்த உயரம் வரை நேராக ஏறு, இந்தப் புள்ளியில் வலது பக்கம் திரும்பு, அடுத்த புள்ளியைத் தாண்டும்போது இந்த உயரத்துக்கு மேலே போகாதே, இப்படி. வெளியே மேகமாக இருந்து ஒன்றுமே தெரியாவிட்டாலும் கருவிகளை மட்டும் பார்த்து இதன்படி போய்விடலாம். மலை, கட்டடம், பக்கத்து ரன்வேயில் இருந்து ஏறுகிற விமானம், தலைக்கு மேலே இறங்க வருகிற விமானம் எல்லாவற்றுக்கும் விலகி நிற்கும்படி போட்ட கோடு அது. பத்து உத்தரவுகளைத் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதிலாக, கண்ட்ரோலர் அந்தத் தடத்தின் பெயரை மட்டும் சொன்னால் போதும். நம்ம ஊரில் 'இருபத்தேழு டி' என்றால் எந்தெந்த ஸ்டாப் என்று கண்டக்டருக்குத் தெரிவது மாதிரி.

இப்போதெல்லாம் அந்தக் கோட்டை விமானிகள் கையால் ஓட்டிப் பிடிப்பது குறைவு. கேட்டில் நிற்கும்போதே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவார்கள். ஏறியதும் ஆட்டோபைலட் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போகும். ஆகவே, கிளம்பும்போது வழி தவறுகிற பல தப்புகளின் பிறப்பிடம் வானம் இல்லை, ஏர்போர்ட் கேட். பயணிகள் மேலே பெட்டியைத் திணித்துக்கொண்டு இருக்கும் அந்த இருபது முப்பது நிமிடத்தில், யாரோ ஒருத்தர் விரல் ஒரு பட்டனில் வழுக்கியிருக்கும்.

சிட்னியில் நடந்தது அதுதான்.

விமானத்துக்குள்ளே ஜடத்துவ வழிகாட்டிக் கருவிகள் என்று மூன்று பெட்டிகள் உண்டு. ஒவ்வொரு அசைவையும் அளந்து கூட்டிக் கழித்து, இப்போது எங்கே இருக்கிறோம் என்று சொல்லும். ஆனால் எங்கே ஆரம்பித்தோம் என்று நாம்தான் சொல்லித்தர வேண்டும். கண்ணைக் கட்டிவிட்டு ஒருவரை நடக்கச் சொன்னால், "இருபது அடி நேரே, பத்து அடி இடதுபுறம் வந்தேன்" என்று சரியாகச் சொல்லுவார், ஆரம்பித்தது தி.நகரா தாம்பரமா என்று அவருக்கு எப்படித் தெரியும்? அது மாதிரிதான் இதுவும். அதனால் ஒவ்வொரு கேட்டுக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை உண்டு. காக்பிட்டில் இருந்து தெரிகிற மாதிரி பலகையிலும் எழுதி வைத்திருப்பார்கள். அதைத் தட்டச்சு செய்ய வேண்டும்.

அன்றைக்கு கேப்டனின் காது பாதுகாப்புக் கருவி கைவசம் இல்லை. வழக்கமாக வெளியே போய் விமானத்தைச் சுற்றிப் பார்ப்பவர் அவர். அதற்குப் பதிலாக கோ-பைலட் வெளியே போனார். கோ-பைலட்டின் உள்வேலையை கேப்டன் செய்தார். சின்ன மாற்றம்தான். யாரும் தப்பு சொல்ல முடியாது.

தீர்க்கரேகை கிழக்கு 151 டிகிரி 9.8 நிமிடம். தட்ட வேண்டியது 15109.8. கேப்டன் தட்டியது 01519.8. இன்னொரு தரம் பாருங்க. எல்லா எண்ணும் இருக்கிறது. நடுவில் இருக்க வேண்டிய பூஜ்யம் மட்டும் எழுந்து போய் முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டது. 151 டிகிரி, 15 டிகிரி ஆகிவிட்டது. வரைபடத்தில் அந்த இடம் கேப் டவுனுக்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் வருகிறது. பிழை 11,000 கிலோமீட்டருக்கும் மேல்!

இதில் இன்னொரு வேடிக்கை. அட்சரேகையைத் தப்பாகப் போட்டிருந்தால் கருவியே சண்டை போட்டிருக்கும். பூமி சுழல்வதை அந்தப் பெட்டியால் உணர முடியும். நிலநடுக்கோட்டில் அந்தச் சுழற்சி ஒரு மாதிரி, துருவத்தில் வேறு மாதிரி. அதை வைத்து நீ சொல்லும் அட்சரேகை சரியா என்று சோதித்துக்கொள்ளும். தீர்க்கரேகைக்கு அப்படி ஒரு அடையாளமே கிடையாது. ஒரே அட்சரேகையில் நிற்கிற சிட்னிக்கும் கேப் டவுனுக்கும் பூமி ஒரே மாதிரிதான் சுழல்கிறது. பூமியே காட்டிக்கொடுக்காத தப்பை மனிதன்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கண்டுபிடிக்க வாய்ப்பே இல்லாமல் இல்லை. கிளம்புவதற்கு முன்பே காக்பிட்டில் சில எச்சரிக்கைகள் வந்தன. அவற்றுக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை. புறப்பட்டு ஏறும் நேரத்தில் "டெரெய்ன்! டெரெய்ன்!" என்று எதிரே நிலம் வருவதாகக் கத்தியது. கண்ணுக்கு எதிரே ஒன்றும் இல்லை என்பதால் விட்டுவிட்டார்கள். தலையைக் கொஞ்சம் சொறிந்திருக்கலாம் என்று இங்கே சோபாவில் உட்கார்ந்துகொண்டு நான் சொல்வது ரொம்ப சுலபம். ரன்வேயில் வேகம் பிடித்த ஒரு ஏ330-ல் தலை சொறிய நேரம் கிடையாது.

சுமார் 410 அடியில் ஆட்டோபைலட்டைப் போட்டார்கள். அது சமர்த்தாக இடது பக்கம் திரும்பியது. கிளம்பியது 16 வலது ரன்வேயில் இருந்து. சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளி, இடது பக்கத்தில், 16 இடது ரன்வே. விமானம் போய்க்கொண்டு இருந்தது அந்த ரன்வேயில் இருந்து ஏறுகிறவர்களின் தடத்தின் குறுக்கே.

(ஏன் இடது என்று எனக்குத் தூக்கமே வரவில்லை. கால்குலேட்டரை எடுத்து உட்கார்ந்தேன். கேப் டவுன் பக்கத்துக் கடலில் இருந்து சிட்னிக்கு உருண்டை பூமியின் மேல் குறுக்குவழி போட்டால் முதலில் தென்கிழக்குப் பக்கமாகப் போக வேண்டும். ரன்வே பார்ப்பது ஏறக்குறைய தெற்கே. ஆக, 'சிட்னிக்குப் போகணும்னா கொஞ்சம் இடது பக்கம் வாங்க சார்' என்று அது உண்மையாகவே வழி சொல்லியிருக்கிறது! இது என் சொந்தக் கணக்கு, தப்பு இருந்தால் திருத்துங்கள் :-) )

கண்ட்ரோலர் கவனித்துவிட்டார். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. என்ன கோளாறு என்று புரியாமல், வேலைப் பளு கழுத்தை நெரிக்க, இரண்டு பேரும் சரிசெய்யப் பார்த்தார்கள். கையில் இருந்த சரிபார்ப்புப் பட்டியல்கள் இந்த மாதிரி நிலைமைக்குப் பெரிதாக உதவவில்லை. சில ஸ்விட்சுகளைத் தப்பாகத் திருப்ப, இருந்த கொஞ்ச நஞ்ச வழிகாட்டும் வசதிகளும் போயின. திரும்பி சிட்னியிலேயே இறங்கலாம் என்றால், அதற்குள் அங்கே வானிலை மோசமாகி, கண்ணால் பார்த்து இறங்க முடியாத நிலை. பார்த்து இறங்கக்கூடிய மெல்பர்னுக்குப் போனார்கள்.

புதிய வகைக் கம்ப்யூட்டர் பொருத்தியிருந்தால் தானாகவே இடத்தை எடுத்துக்கொண்டிருக்கும், அல்லது கையால் போட்ட தப்பைத் திருத்தியிருக்கும் என்கிறது அறிக்கை. இந்த விமானத்தில் அது இல்லை.

பாதிப் பேர் இதைப் படித்துவிட்டு, "ஒரு எண்ணை ஒழுங்காத் தட்டத் தெரியாதவனெல்லாம் பைலட்டா?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அப்புறம் பரீட்சை ஹால் ஞாபகம் வந்தது. பதிவு எண்ணைத் தப்பாக எழுதிவிட்டு மூன்று தடவை சரிபார்த்திருக்கிறேன், மூன்று தடவையும் சரி என்றே தெரிந்தது. ஏனென்றால் நான் தாளைப் படிக்கவில்லை, என் மனசில் இருந்த எண்ணைத்தான் படித்தேன். சூப்பர்வைசர் வந்து அதே தாளைப் பார்த்து, ஹால் டிக்கெட்டைப் பார்க்காமல், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். கண்கள் நாலு, சரிபார்ப்பு பூஜ்யம்.

காக்பிட்டில் இரண்டு பேர் உட்கார்வது எதற்கு? ஒருத்தர் செய்ததை இன்னொருத்தர் தனியாக, மூலத்தைப் பார்த்து, சரிபார்க்க. அந்த 'தனியாக' என்ற வார்த்தை கழன்று விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு பிரேசிலில் ஒரு கதை இருக்கிறது. இதிலும் வில்லன் பூஜ்யம்தான்.

1989 செப்டம்பர் 3. வாரிக் நிறுவனத்தின் 254-ம் எண் விமானம், ஒரு போயிங் 737, மாராபா என்ற ஊரில் இருந்து பெலெம் நகரத்துக்குக் கிளம்ப வேண்டும். ஒரு மணி நேரம்கூட ஆகாத பயணம், ஏறக்குறைய வடக்கே. கம்ப்யூட்டர் அச்சடித்துக் கொடுத்த பயணத் திட்டத்தில் திசை 0270 என்று இருந்தது. அதன் அர்த்தம் 027.0 டிகிரி, கடைசி எண் தசமம், புள்ளியை மட்டும் போடவில்லை. கடை பில்லில் 2700 என்று அச்சாகி, உண்மையில் அது இருபத்தேழு ரூபாய் பூஜ்யம் பைசா என்றால் எப்படி இருக்கும்? அப்படி. இந்த நாலு எண் முறையை நிறுவனம் கொண்டுவந்தபோது கேப்டன் விடுமுறையில் இருந்தார். அவர் கண்ணுக்கு அது 270 ஆகப் பட்டது. 270 என்றால் மேற்கு. கருவியில் அதையே வைத்தார்.

கோ-பைலட் வந்தார். தன் பக்கத்துக் கருவியில் திசையை வைக்க வேண்டும். பயணத் திட்டத்தைப் பார்த்து வைத்திருந்தால் இரண்டு எண்ணும் முட்டிக்கொண்டிருக்கும். "சார், இது என்ன?" என்று ஒரு கேள்வி வந்திருக்கும். அவர் கேப்டனின் கருவியைப் பார்த்து வைத்தார். முன் பெஞ்ச் பையனைப் பார்த்து எழுதுகிறவன் அவன் தப்பையும் சேர்த்துத்தானே எழுதுவான்.

மாலை ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கிளம்பினார்கள். வடக்கே போகிற விமானத்துக்கு அந்த நேரத்தில் சூரியன் இடது கைப் பக்கம் இருக்க வேண்டும். இவர்களுக்கு முன்னாலேயே அஸ்தமனம் ஆகிக்கொண்டிருந்தது. காட்டுக்கு மேலே இருட்டில் மணிக்கணக்காகச் சுற்றி, எரிபொருள் தீர்ந்து, அமேசான் காட்டில் மரங்களின் மேல் விமானத்தை இறக்கினார்கள். உள்ளே இருந்தவர்கள் 54 பேர். நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள் என்பது இறக்கிய கைக்குப் பெருமைதான், மற்றவர்கள் பிழைக்கவில்லை. எங்கே தேடுவது என்றே யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அவர்கள் இருக்க வேண்டிய இடத்துக்கு அருகில்கூட இல்லை. பிழைத்தவர்களில் சிலர் காட்டில் நடந்து போய் ஒரு பண்ணையைக் கண்டுபிடித்து ஆள் அழைத்து வந்தபிறகுதான் மற்றவர்களுக்கு உதவி கிடைத்தது.

பூஜ்யம் இல்லாத கதை ஒன்றும் உண்டு, உங்களுக்கே தெரிந்திருக்கும். கொரியன் ஏர்லைன்ஸ் 007. 1983 ஆகஸ்ட் 31-ல் அலாஸ்காவின் ஆங்கரேஜில் இருந்து சோலுக்குக் கிளம்பியது. ஏறியதும் ஒரு திசையைப் பிடித்துப் போக ஆட்டோபைலட்டை வைத்தார்கள். அது சாதாரண விஷயம். அதற்கப்புறம், ஏற்றி வைத்த தடத்தைப் பிடிக்கும்படி அதை மாற்ற வேண்டும். மாற்றவில்லை, அல்லது தடத்தை விட்டு ரொம்ப விலகியபிறகு மாற்றியதால் அது பிடிக்கவில்லை என்பதுதான் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1993-ல் சொன்ன முடிவு. முதல் புள்ளியான பெத்தேலைத் தாண்டும்போதே சுமார் 22 கிலோமீட்டர் வடக்கே இருந்தார்கள். அப்படியே விலகி விலகி சோவியத் வான் எல்லைக்குள் போய், சகாலின் தீவுக்கு அருகே சுட்டு வீழ்த்தப்பட்டார்கள். 269 பேர். யாரும் பிழைக்கவில்லை. சுட்டவர்களின் குற்றம் தனி. அதைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. என் மனசில் நிற்பது வேறு ஒரு துணுக்கு. கொஞ்ச நேரம் பின்னால் அதே நிறுவனத்தின் இன்னொரு விமானம் அதே பக்கம் வந்துகொண்டிருந்தது. இரண்டு காக்பிட்டும் ரேடியோவில் காற்றைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். ஒருத்தருக்குப் பின்னாலிருந்து நல்ல காற்று, இன்னொருத்தருக்கு எதிர்க்காற்று. ஒரே தடத்தில் போகிற இரண்டு பேருக்கு இவ்வளவு வித்தியாசம் எப்படி? ஆச்சரியப்பட்டார்கள். அதோடு போய்விட்டது. வெளியில் இருந்து வந்த சரிபார்ப்பு அது. யாருக்கும் அது சரிபார்ப்பாகத் தெரியவில்லை.

செப்டம்பர் மாதத்திலேயே ரீகன், ஜிபிஎஸ் தயாரானதும் உலகத்தில் எல்லாருடைய விமானங்களும் பயன்படுத்தலாம் என்று அறிவித்தார். நம்ம போனில் பரோட்டாக் கடைக்கு வழி காட்டுவதற்குப் பின்னால் அந்த 269 பேரும் இருக்கிறார்கள்.

சரி, ஜிபிஎஸ் வந்தாச்சு, தப்பு நின்றதா? உருமாறிவிட்டது. அமெரிக்காவில் அட்லாண்டா, டல்லஸ் மாதிரி இணை ரன்வேக்கள் உள்ள ஏர்போர்ட்டுகளில் செயற்கைக்கோள் காலத்துத் தடங்கள் வந்தபிறகு வேறு ஒரு வியாதி. கேட்டில் இருக்கும்போது ஒரு ரன்வே என்பார்கள், கம்ப்யூட்டரில் அதற்கான தடம் ஏறும். ஊர்ந்து போகும்போது "வேறு ரன்வேக்கு வா" என்பார்கள். கம்ப்யூட்டரில் மாற்ற மறந்தால், ஏறியதும் விமானம் பழைய ரன்வேயின் தடத்தைப் பிடிக்கப் பாயும். நடுவில் பக்கத்து விமானம் இருக்கும்.

இதற்கு அவர்கள் கண்டுபிடித்த மருந்து ரொம்ப எளிமை. புறப்பட அனுமதி கொடுக்கும்போதே கண்ட்ரோலர் அந்தத் தடத்தின் முதல் புள்ளி பெயரையும் சேர்த்துச் சொல்வார். விமானிகள் அதைத் தங்கள் திரையில் தெரிகிற முதல் புள்ளியோடு ஒப்பிட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். திரையில் வேறு பெயர் இருந்தால் ஓடுவதற்கு முன்பே நின்றுவிடலாம். இது எனக்குப் பிடித்ததற்குக் காரணம், காக்பிட்டில் தப்பை வைத்திருப்பவர்களிடமே "சரியா?" என்று கேட்கவில்லை, தப்பைப் பார்க்காத இன்னொருத்தர் வெளியில் இருந்து பெயரைச் சொல்கிறார். நம்ம சூப்பர்வைசர் ஹால் டிக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்க்கிற மாதிரி.

உயரத் தப்பு இன்னொரு வகை. நியூயார்க் பக்கத்தில் டீட்டர்பரோ என்று தனியார் ஜெட்டுகளின் ஏர்போர்ட். அங்கே ஒரு தடத்தில் முதலில் 1,500 அடியில் நிற்க வேண்டும், குறிப்பிட்ட புள்ளி தாண்டியபிறகு 2,000 அடி. அதற்கு மேலே நெவார்க் ஏர்போர்ட்டில் இறங்க வருகிற விமானங்கள். ராக்கெட் மாதிரி ஏறுகிற ஜெட்டுக்கு 1,500 அடி என்பது கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். தப்பு செய்யாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இந்த மாதிரி 'ஒன்றும் ஆகவில்லை' கதைகள் எப்படி வெளியே தெரிகின்றன? 1974 டிசம்பர் 1-ல் டிடபிள்யூஏ 514 விமானம் வாஷிங்டனுக்கு அருகே இறங்க வரும்போது, அனுமதி வார்த்தையைத் தப்பாகப் புரிந்துகொண்டு, வர்ஜீனியாவில் ஒரு மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். ஆறு வாரம் முன்பு யுனைடெட் விமானம் ஒன்று அதே இடத்தில் அதே தப்பைச் செய்து மயிரிழையில் தப்பியிருந்தது. யுனைடெட் தன் பைலட்டுகளை எச்சரித்தது. டிடபிள்யூஏ காரர்களுக்குத் தெரியாது. அந்த வேதனையில் பிறந்ததுதான் 1976-ல் நாசா நடத்தத் தொடங்கிய ரகசிய அறிக்கைத் திட்டம். லைசென்ஸைப் பிடுங்குகிற அதிகாரம் உள்ள துறையிடம் இல்லாமல், நாசாவிடம் எழுதலாம். தெரியாமல் செய்த தப்பை பத்து நாளுக்குள் எழுதிவிட்டால் பெரும்பாலும் தண்டனையில் இருந்து விலக்கு. பெயரை எடுத்துவிட்டு எல்லாருக்கும் படிக்கக் கொடுப்பார்கள். கிளம்பும் தடத்தில் தப்புகிற கதைகள் அதில் மண்டிக் கிடக்கின்றன. நம்ம ஆபீஸ்களில் தப்பை ஒத்துக்கொண்டவனுக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். வேண்டாம், விடுங்க.

போன தடவை ஊருக்குக் கிளம்பியபோது ஜன்னல் சீட். கேட்டில் நிற்கும்போது கட்டடத்துப் பக்கம் எட்டி எட்டிப் பார்த்தேன். ஒரு பலகையில் எண்கள் இருந்தன. 151 வரைக்கும் தெரிந்தது, மிச்சத்தை இறக்கை மறைத்துவிட்டது. 16 வலதில் இருந்துதான் ஓடினோம். ஏறி முடிக்கிற வரை எந்தப் பக்கம் சாயப்போகிறது என்று கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு இருந்தேன்.

பக்கத்து சீட் அம்மா, "என்னப்பா, முதல் தடவையா? பயமா இருக்கா?" என்று கேட்டார்.

"இல்லீங்கம்மா, சும்மா பார்க்கிறேன்" என்றேன். வலது பக்கம்தான் திரும்பியது.